காயை யார் நகர்த்துவது? குழந்தைகளுக்கான கல்வி விளையாட்டுகள் உருவாகும் விதம்

இருட்டுக் கோட்டை ஒன்றுக்குள் எலும்புக்கூடுகள் நடமாடுகின்றன. ஒவ்வொன்றின் மார்பிலும் ஓர் எண். ஆடும் குழந்தையிடம் சில ஆயுதங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆயுதமும் ஒரு வகு எண்ணுக்கு உரியது. 18 என்று எழுதிய எலும்புக்கூட்டை 2-க்கு உரிய ஆயுதத்தாலும் வீழ்த்தலாம், 3-க்கு உரியதாலும் வீழ்த்தலாம். 5-க்கு உரியதை எடுத்தால் அது திருப்பி அடிக்கும். பிரிட்டனில் ஜேக்கப் ஹாப்குட் உருவாக்கிய ‘ஸோம்பி டிவிஷன்’ என்ற கணினி விளையாட்டு இது. ஆராய்ச்சிக்கு வரும் முன் விளையாட்டு நிறுவனத்தில் நிரல் எழுதியவர் அவர். ஷாரன் ஐன்ஸ்வொர்த்துடன் சேர்ந்து அவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, இதே விளையாட்டு மூன்று வகையாகச் செய்யப்பட்டது. முதல் வகை மேலே சொன்னது. இரண்டாம் வகையில் சண்டையில் எண்களுக்கு வேலை இல்லை. ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு அதே வகுத்தல் கணக்குகள் வினாடி வினாவாக வரும். மூன்றாம் வகையில் கணக்கே கிடையாது.

ஏழு வயதிலிருந்து பதினொரு வயது வரையிலான குழந்தைகள் ஆடினார்கள். முதல் இரண்டு வகைகளிலும் படங்கள் ஒன்றே, கதை ஒன்றே, கணக்கும் ஒன்றே. ஒரே அளவு நேரம் ஆடிய பிறகு சோதித்தபோது, முதல் வகையை ஆடியவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். இன்னொரு சோதனையில், விரும்பியதை ஆடலாம் என்று குழந்தைகளை விட்டுவிட்டார்கள். சண்டைக்குள் கணக்கு கலந்திருந்த வகையில் அவர்கள் செலவிட்ட நேரம், வினாடி வினா வகையில் செலவிட்டதைப் போல் ஏழு மடங்கு.

கல்வி விளையாட்டுகளைப் பற்றி எனக்குத் தெரிந்த முடிவுகளில் இதைவிடத் தெளிவானது வேறில்லை. முதல் வகையில் வகுத்தல்தான் ஆட்டம். வகுத்துப் பார்க்காமல் ஓரடி முன்னே போக முடியாது. இரண்டாம் வகையில் ஆட்டம் ஓரிடத்தில் நடக்கிறது, கணக்கு வேறோரிடத்தில் சுங்கச்சாவடியாக நிற்கிறது. அதைத் தாண்டிச் சண்டைக்குத் திரும்புவதில்தான் குழந்தையின் மனம் முழுவதும் இருக்கும். அப்படித் தாண்டிய கணக்கு மனத்தில் தங்காததில் வியப்பில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடம் முழுவதும் திரைக்குள் போனபோது, ‘விளையாட்டாகக் கற்கலாம்’ என்று சொல்லிக்கொண்டு வந்த செயலிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையையே சேர்ந்தவை. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும். சரியென்றால் நட்சத்திரம் கொட்டும், தவறென்றால் ஒரு சோக முகம் வரும். பாடப் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளுக்கு வண்ணம் பூசியது போக, அவற்றில் விளையாட்டு என்று சொல்ல ஏதும் இல்லை. பள்ளிகள் திறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. செயலிகள் போகவில்லை, வீட்டுப்பாடமாகவும் விடுமுறைப் பயிற்சியாகவும் தங்கிவிட்டன. அதனால், இவை எப்படி உருவாக வேண்டும் என்ற கேள்வியைப் பெற்றோரும் ஆசிரியரும் நிரல் எழுதும் இளைஞர்களும் சேர்ந்தே கேட்க வேண்டியிருக்கிறது.

இதில் பழைய அனுபவம் நிறைய இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணினிக் கல்வித் திட்டத்துக்காக 1970-களில் ‘டார்ட்ஸ்’ என்றொரு விளையாட்டு எழுதப்பட்டது. திரையில் ஓர் எண்கோடு. அதில் ஆங்காங்கே பலூன்கள். பலூன் இருக்கும் இடத்தைப் பின்னமாகத் தட்டச்சு செய்தால் அம்பு அங்கே போய்க் குத்தும். குறி தவறினால் அம்பு தவறிய இடத்திலேயே நிற்கும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் பிசகியது என்று குழந்தை கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். சிவப்புப் பெருக்கல் குறி ஒருநாளும் தராத செய்தியை அந்த அம்பு தருகிறது.

குழந்தைகளை ஒரு விளையாட்டு ஏன் இழுக்கிறது என்று ஆராய்ந்த தாமஸ் மலோன், 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே டார்ட்ஸைப் பல வடிவங்களாகப் பிரித்துச் சோதித்தார். ஒன்றில் பலூன் இல்லை, ஒன்றில் இசை இல்லை, ஒன்றில் மதிப்பெண் இல்லை என்று ஒவ்வோர் அம்சமாக எடுத்துவிட்டுப் பார்த்தார். பலூன் உடைவதைச் சிறுவர்கள் விரும்பினார்கள், சிறுமிகளுக்கு அது பிடிக்கவில்லை. ‘குழந்தைகளுக்குப் பிடிக்கும்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள் இந்த ஒரு முடிவை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பரிசுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1973-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கனவே ஆசை கொண்ட குழந்தைகளையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து வண்ணப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைப் போல் பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையோடு செய்துவந்த ஒன்று கூலி வேலையாகிவிட்டது. நாணயமும் பதக்கமும் புதையல் பெட்டியும் நிறைந்த ஒரு செயலியைப் பார்க்கும்போதெல்லாம், இந்தக் குழந்தை எண்களை விரும்பக் கற்கிறதா, பெட்டியை விரும்பக் கற்கிறதா என்ற கவலை எனக்கு வருகிறது.

அந்தப் பெட்டிக்கு விலை வைக்கும்போது கவலை இன்னும் கூடுகிறது. கனடாவில் தொடங்கிய ‘ப்ராடிஜி’ வட அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக ஆடப்படும் கணித விளையாட்டு. கணக்குக்கு விடை சொன்னால் மந்திரம் வேலை செய்யும். பள்ளிக்கு இலவசம். வீட்டில் ஆடும்போது கட்டண உறுப்பினராகச் சொல்லி அழைப்பு வரும். 2021 பிப்ரவரியில் குழந்தைகள் நல அமைப்புகள் சில, அமெரிக்காவில் நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் இதைப் பற்றிப் புகார் கொடுத்தன. பணம் கட்டிய குழந்தையின் பாத்திரம் மேகத்தில் மிதந்து போகிறது, கட்டாத குழந்தையின் பாத்திரம் மண்ணில் நடக்கிறது என்பது அந்தப் புகாரில் இருந்த செய்திகளில் ஒன்று. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் அந்தத் திரையில் சந்தித்துக்கொள்வதை எண்ணிப் பாருங்கள். சீருடையைக் கொண்டு பள்ளிக்கூடம் மறைக்க முயன்ற வேறுபாட்டை, பாடம் சொல்லித்தரும் பொருளே எடுத்துக் காட்டுகிறது.

கட்டமும் காயும்

பாடம் விதிக்குள் இருக்க வேண்டும் என்று சொல்வது எளிது. விதி எவ்வளவு நுணுக்கமானது என்பதை உணர்த்தியவை கணினியே இல்லாத இரண்டு ஆய்வுகள்.

ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வறிய குடும்பங்களைச் சேர்ந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு ஓர் எளிய கட்ட விளையாட்டைக் கொடுத்தார்கள். ஒரே வரிசையில் பத்துக் கட்டங்கள். இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எண்கள். சுழலும் முள் 1 அல்லது 2 காட்டும். காயை அத்தனை கட்டம் நகர்த்த வேண்டும். இரண்டு வாரத்துக்குள் கால் மணி நேர அளவில் நான்கு முறை ஆடியதிலேயே, எது பெரிய எண், எந்த எண் கோட்டில் எங்கே வரும் என்பதெல்லாம் அந்தக் குழந்தைகளுக்குத் தெளிவானது. எண்ணுக்குப் பதில் வண்ணம் போட்ட கட்டங்களில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அதே பத்துக் கட்டங்களை வட்டமாக அமைத்துப் பின்னர் சோதித்தபோதும் பலன் குறைந்தது. எண்கள் ஒரு கோட்டில் வளர்ந்துகொண்டே போகின்றன என்ற எண்ணம் நேர்வரிசையில் கண்ணுக்கும் கைக்கும் ஒன்றாகக் கிடைக்கிறது. வட்டத்தில் அது கலைந்துவிடுகிறது.

அடுத்தது 2014-இல் வந்தது. இந்த முறை நூறு வரை போகும் கட்டம். ஒரு குழுவினர் காயை நகர்த்தும்போது வழக்கம்போல ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணினார்கள். இன்னொரு குழுவினர் கட்டத்தில் இருக்கும் எண்ணையே சொல்லி நகர்த்தினார்கள்: 41-இல் இருந்தால் ‘நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு’. கற்றது பெரும்பாலும் இரண்டாம் குழு.

நம் வீடுகளில் பாம்பும் ஏணியும் ஆடும் குழந்தைகள் முதல் முறையில்தான் எண்ணுகிறார்கள். பரவாயில்லை, அது பொழுதுபோக்கு. இதே ஆட்டத்தைச் செயலியாக்கும்போது நடப்பதைப் பாருங்கள். பகடையைத் தொட்டால் அது உருள்கிறது, நான்கு விழுகிறது, காய் தானாகவே நான்கு கட்டம் குதித்துப் போய் நிற்கிறது. அனிமேஷன் அழகாக இருக்கும், குதிக்கும் ஒலியும் இனிமையாக இருக்கும். ஆனால் எண்ணும் வேலையைக் கணினி செய்து முடித்துவிட்டது. பாடம் இருந்த ஒரே இடம் அந்த நகர்த்தல்தான். அதை எடுத்துக்கொண்டு, பகடையைத் தொடும் வேலையை மட்டும் குழந்தையிடம் விட்டிருக்கிறோம்.

கல்வி விளையாட்டை வடிவமைப்பவர் ஒவ்வொரு திரையிலும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் எந்த வேலையைக் கணினி செய்யும், எந்த வேலை குழந்தைக்கு? கணினிக்கு எண்ணத் தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியும், வகுக்கத் தெரியும். சும்மா விட்டால் எல்லாவற்றையும் அதுவே செய்துவிடும். சாதாரண விளையாட்டில் அது வசதி. கற்றலுக்கான விளையாட்டில், கற்க வேண்டிய வேலையைக் கணினியிடமிருந்து பிடுங்கிக் குழந்தையின் கையில் கொடுப்பதுதான் வடிவமைப்பு. நட்சத்திரங்களை எங்கே வைப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் அருகில் இல்லாதபோது

வகுப்பறையில் ஒரு விளையாட்டு சுமாராக இருந்தாலும் ஆசிரியர் அதைத் தூக்கி நிறுத்திவிடுவார். தனியாகத் திரைமுன் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே விளையாட்டு எவ்வளவு தூரம் தாங்கும் என்று பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நிகழ்வு ஒன்று உண்டு.

2014-இல் எக்ஸ்பிரைஸ் அறக்கட்டளை 1.5 கோடி டாலர் மதிப்பில் ஓர் உலகப் போட்டியை அறிவித்தது. பள்ளியும் ஆசிரியரும் எட்டாத இடத்தில் இருக்கும் குழந்தைகள், டேப்லெட் ஒன்றைக் கொண்டு தாமாகவே எழுத்தும் எண்ணும் கற்க வேண்டும். அதற்கான மென்பொருளை எழுத வேண்டும். இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்து அணிகளில் பெங்களூரின் ‘சிம்பிள்’ ஒன்று. தான்சானியாவின் டாங்கா பகுதியில் சுமார் 170 கிராமங்களில், மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவான குழந்தைகளிடம் டேப்லெட்டுகள் கொடுக்கப்பட்டன. மொழி சுவாஹிலி, மின்னேற்றச் சூரிய ஒளி நிலையங்கள், காலம் 15 மாதங்கள். தொடக்கத்தில் அவர்களில் நான்கில் மூன்று பேர் பள்ளிக்கே போனதில்லை என்றார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சுவாஹிலியில் ஒரு சொல்கூட வாசிக்கத் தெரியாது. 15 மாதம் கழித்து, ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாதவர்களின் விகிதம் பாதியாகக் குறைந்திருந்தது. பிரிட்டனின் ‘ஒன்பில்லியன்’, தென் கொரியாவிலும் அமெரிக்காவிலும் இயங்கிய குழுவின் ‘கிட்கிட் ஸ்கூல்’ இரண்டும் 2019 மே மாதம் முதல் பரிசான ஒரு கோடி டாலரைப் பகிர்ந்துகொண்டன.

இந்த முடிவைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பள்ளி வாசலையே மிதிக்காத ஒரு குழந்தை, சூரிய ஒளியில் மின்னேற்றிய ஒரு டேப்லெட்டைக் கொண்டு வாசிக்கத் தொடங்கியிருக்கிறது. அதே முடிவின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றேகால் ஆண்டுக்குப் பிறகும், உலகின் தேர்ந்த குழுக்கள் எழுதிய மென்பொருளைக் கையில் வைத்திருந்தும், ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு ஒரு சொல்லும் வாசிக்க வரவில்லை. ஆசிரியரே வேண்டாம் என்று வாதாட இந்தச் சோதனையைக் காட்டுகிறவர்கள் அந்தப் பாதிப் பேரை மறந்துவிடுகிறார்கள்.

ஆசிரியர் செய்யும் வேலைகளில் விளையாட்டுக்குள் கொண்டுவர மிகக் கடினமானது, தவறைப் படிப்பது. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு குழந்தை 35 என்று எழுதுகிறது. கவனக்குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்கிறது அந்தக் குழந்தை: ஐந்தில் இரண்டு போனால் மூன்று, ஏழில் இரண்டு போனால் ஐந்து. தனக்கென்று ஒரு விதியை உருவாக்கி, அதைத் தவறாமல் பின்பற்றுகிறது. இதுபோன்ற விதிகளை ஜான் சீலி பிரௌனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1970-களிலேயே பட்டியலிட்டு, ‘பக்கி’ என்ற கணினி விளையாட்டாக்கினார்கள். அதை ஆடியவர்கள் ஆசிரியப் பயிற்சி மாணவர்கள். கணினி ஒரு குழந்தையைப் போலத் தவறாகக் கணக்குப் போடும். அந்தத் தவறுக்குள் இருக்கும் விதியை ஆடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனை காலத்துக்குப் பிறகும், 35 என்ற விடைக்கும் 91 என்ற விடைக்கும் ஒரே சோக முகத்தைக் காட்டும் செயலிகள் வந்துகொண்டிருக்கின்றன. முதல் குழந்தைக்கு வேண்டியது பத்தைப் பிரித்துக் கடன் வாங்கும் ஒரு காட்சி. இரண்டாவது குழந்தைக்கு வேண்டியது வேறு.

தமிழ் எழுத்துக்கு ஒரு விளையாட்டு

பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில், வாசிப்புக் குறைபாட்டை ஆராய்ந்த ஹெய்க்கி லூட்டினனின் குழுவினர் ‘கிராஃபோகேம்’ என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். காதில் ஓர் ஒலி கேட்கும். திரையில் மேலிருந்து எழுத்துகள் விழும். அந்த ஒலிக்கு உரிய எழுத்தைப் பிடிக்க வேண்டும். ஃபின்னிய மொழியில் ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய ஓர் ஒலிதான் என்பதால் இந்த விதி அங்கே கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு பல மொழிகளுக்கு அதை மாற்றினார்கள். ஒவ்வொரு மொழியிலும் பாட வரிசையைப் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது.

தமிழில் இதை அப்படியே செய்ய முடியாது. கல், பங்கு, மகன் மூன்றிலும் ககர வரிசைதான். ஒலி மூன்று விதம். சட்டை, பச்சை, பஞ்சு ஆகியவற்றில் சகரத்துக்கும் அதே நிலை. தனி ஒலியைக் கேட்டுத் தனி எழுத்தைப் பிடிக்கும் ஆட்டம் தொடக்கத்தில் பழக்கத்துக்கு உதவும். விரைவிலேயே சொல்லுக்குள் எழுத்தை ஒலிக்கக் கேட்கும் ஆட்டமாக அது மாற வேண்டும். ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் வேறொரு சிக்கல். குழந்தை வீட்டில் கேட்கும் பேச்சில் இந்த ஒலிகள் பலவும் ஒன்றாகக் கலந்திருக்கும். காதால் பிரித்தறியாத ஒன்றைத் திரையில் பிரிக்கச் சொல்லித் தவறு தவறு என்று காட்டுவது கொடுமை. அங்கே முதல் வேலை காதைப் பழக்குவது.

தமிழ் எழுத்துமுறையில் விளையாட்டுக்கென்றே அமைந்தது போன்ற ஓர் இயல்பும் இருக்கிறது. 247 எழுத்துகளில் 216 உயிர்மெய்கள். அவை மனப்பாடம் செய்ய வேண்டியவை அல்ல, கட்ட வேண்டியவை. துணைக்காலை வலப்பக்கம் சேர்த்தால் கா. ஒற்றைக்கொம்பை இடப்பக்கம் வைத்தால் கெ. இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் வைத்தால் கொ. உகர, ஊகார வரிசைகளில் மட்டும் விதி பல வடிவங்களாக உடைகிறது: கு, சு, டு, து, மு, கூ, சூ, டூ, தூ, மூ. ஒழுங்கான வரிசைகளைக் குழந்தை தானே கட்டிப் பார்த்து விதியைக் கண்டுகொள்ள விடலாம். ஒழுங்கு உடையும் இரண்டு வரிசைகளுக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்கி, படம், கதை, சொல் என்று பழக்கலாம்.

காயை யார் நகர்த்துவது என்ற கேள்வி இங்கேயும் வருகிறது. குழந்தை க-வையும் ஒ-வையும் தொட்டவுடன் திரையில் கொ என்று பளிச்சிட்டால், கட்டியது கணினி. கொம்பையும் காலையும் விரலால் இழுத்துவந்து அவற்றின் இடத்தில் வைத்தால், கட்டியது குழந்தை. கொம்பை மட்டும் வைத்து நிறுத்திவிட்டால் கணினி அதைத் தவறு என்று அடிக்க வேண்டியதில்லை. ‘கெ’ என்று ஒலித்துக் காட்டினால் போதும். தான் கேட்ட ஒலியும் தான் கட்டிய ஒலியும் வேறு என்பதைக் குழந்தையே கேட்டுக்கொள்ளும். டார்ட்ஸில் தவறிய இடத்தில் நிற்கும் அம்பு செய்யும் வேலையை இந்த ஒலி செய்கிறது.

நிரல் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு பழைய தொல்லையைச் சந்திக்கிறார்கள். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான ஒருங்குறியில் (யூனிகோட்) கெ என்ற எழுத்து, முதலில் ககரம் பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். பிரௌசரும் போனும் இதைச் சரியாகச் செய்துவிடும். விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் கேம் என்ஜின்கள் பல, நெடுங்காலம் இதைச் செய்யவில்லை. கொம்பு தவறான பக்கத்தில் போய் நிற்கும். எழுத்தைப் படமாக வரைந்து ஒட்டியும், பழைய எழுத்துருக்களுக்கு மாற்றியும் சமாளித்தவர்கள் உண்டு. நிரலை யாரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல என்ஜினான கோடோ 2023-இல் வந்த தன் நான்காம் பதிப்பில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கு ஆதரவு சேர்த்தது. சிறிய குழுக்கள் தமிழில் விளையாட்டு செய்ய இருந்த தடைகளில் ஒன்று இதனால் நீங்கியது. எழுத்தைக் கற்பிக்கும் விளையாட்டில் எழுத்தே பிழையாகத் தெரிந்தால் அதன் பிறகு பேச என்ன இருக்கிறது?

படத்துக்கும் இதே கவனம் வேண்டும். நாற்காலியின் படத்தைக் காட்டி முதல் எழுத்து எது என்று கேட்டால், யாழ்ப்பாணத்துக் குழந்தை ‘கதிரை’ என்று நினைத்துக் க-வைத் தொடும். சென்னைக் குழந்தை ‘சேர்’ என்று நினைத்துச் சே-வைத் தேடும். இரண்டும் அறிவுள்ள விடைகள். படத்தோடு சொல்லையும் ஒலிக்கச் செய்தால் போதும், இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

குழந்தையின் அளவறிந்து தொடங்குவது தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்து அறியாத குழந்தைக்கு அரும்பிலிருந்தே பாடம். வகுப்பு எண்ணைக் கேட்டுத் தொடங்கும் செயலிகள் கற்க வேண்டிய வழக்கம் இது. முதல் ஐந்து நிமிட ஆட்டமே, சோதனை என்று தெரியாத சோதனையாக இருந்து, குழந்தை எங்கே நிற்கிறது என்று கண்டுகொள்ளலாம்.

ஆட்டத்துக்கு வெளியே

ஒரு விளையாட்டு கற்பிக்கிறதா என்பதை அந்த விளையாட்டுக்குள்ளேயே பார்த்து முடிவு செய்ய முடியாது. நார்வேயில் 2012-இல் வெளியான ‘டிராகன்பாக்ஸ்’ என்ற இயற்கணித விளையாட்டு இதற்கு நல்ல சான்று. சமன்பாட்டின் இரு பக்கங்களும் இரண்டு தட்டுகளாக வரும். படங்கள் மெல்ல மெல்ல எழுத்தாகவும் எண்ணாகவும் மாறும். பாடம் விதிக்குள்ளேயே கலந்த, அழகான வடிவமைப்பு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அதையும், அலங்காரம் குறைந்த ஒரு கணினிப் பயிற்சி மென்பொருளையும் வகுப்புகளில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டிராகன்பாக்ஸ் ஆடியவர்கள் மிக அதிகமான கணக்குகளைத் தீர்த்தார்கள், அதிகம் மகிழ்ந்தார்கள். தாளில் சமன்பாடு கொடுத்தபோது மற்றக் குழுவே மேலாகச் செய்தது. ஆட்டத்தில் கற்ற விதிக்கும் தாளில் இருந்த குறியீட்டுக்கும் நடுவே யாராவது பாலம் போட வேண்டியிருந்தது. வகுப்பறையில் ஆசிரியர் ஒரு கேள்வியில் அதைச் செய்துவிடுவார். ஆன்லைனில் அதையும் விளையாட்டே செய்ய வேண்டும். கொ-வைக் கட்டிய குழந்தையைத் திரையை விட்டு எழுந்துபோய், வீட்டில் எங்காவது அந்த எழுத்தைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதச் சொல்லும் ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும் என்பேன்.

கருவியைப் பற்றிய கணக்கும் வெளியிலிருந்துதான் வருகிறது. கிராமப்புறக் குழந்தைகளின் கல்வி நிலையை ஆராயும் அசர் கணக்கெடுப்பு 2021-இல் சொன்னபடி, இந்தியக் கிராமங்களில் பள்ளிக் குழந்தைகள் உள்ள வீடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் ஸ்மார்ட்போன் இருந்தது. அந்த வீடுகளிலும் ஏறக்குறைய கால்வாசிக் குழந்தைகளுக்கு அது கைக்கு எட்டவில்லை. போன் பகலில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மாலையில் அரை மணி நேரம் கிடைத்தால் அதை அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். விலை குறைந்த போனில், இணையம் இல்லாதபோதும், பத்து நிமிடத்துக்குள் ஒரு முழு ஆட்டம் முடியும்படி செய்வது இங்கே வடிவமைப்பின் அடிப்படை. ஒரே போனில் இரண்டு குழந்தைகளின் முன்னேற்றத்தைத் தனித்தனியாகச் சேமித்து வைக்காத செயலியில், அண்ணன் முடித்த இடத்திலிருந்து தங்கை தொடங்குவாள்.

தவறுகளைப் படிக்கும் விளையாட்டு, குழந்தையைப் பற்றி நிறைய அறிந்துகொள்கிறது. அந்த அறிவு யாருக்குப் போகிறது? மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022-இல் 49 நாடுகளின் 160-க்கும் மேற்பட்ட ஆன்லைன் கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தபோது, அவற்றில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது குழந்தைகளின் தகவல் உரிமையை ஆபத்துக்கு உள்ளாக்கும் வகையில் நடந்துகொண்டதாகச் சொன்னது. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது; குழந்தைகளைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் சில விலக்குகள் உண்டு. விலக்கு இருக்கிறதே என்று எல்லாவற்றையும் திரட்டத் தேவையில்லை. 52-இலிருந்து 27-ஐக் கழிப்பதில் ஒரு குழந்தைக்கு எங்கே தடுமாற்றம் என்ற குறிப்பு அந்தப் போனுக்குள்ளேயே இருந்தால் போதும். விளையாட்டுக்கு அது தேவை. ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு அது தேவையில்லை.

தான்சானியாவில் சோதிக்கப்பட்ட ஐந்து மென்பொருள்களின் நிரலும் திறந்த மூலமாக வெளியிடப்பட்டிருக்கிறது. தமிழில் தொடங்க நினைப்பவர்கள் அதைப் படித்துப் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது, அதற்குக் கணினியே தேவையில்லை. கொம்பையும் காலையும் எழுத்துகளையும் அட்டையில் வெட்டி எடுத்து, ஒரு குழந்தையை ஆடச் சொல்லி, கணினி செய்ய வேண்டியதை ஒரு பெரியவர் செய்து பார்க்கலாம். விதி அட்டையிலேயே சலிப்பூட்டினால் அனிமேஷன் அதைக் காப்பாற்றாது. அந்தப் பெரியவர் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தால் மிக நல்லது. எந்தக் குழந்தை எங்கே எப்படித் தவறும் என்ற பட்டியல் அவரிடம் எழுதப்படாமலே இருக்கிறது: கொ எழுதச் சொன்னால் கெ-யோடு நிறுத்துவது, ணு என்பதற்கு ண-வின் கீழே கு-வின் சுழியைப் போடுவது, 52-இல் 27 போக 35 என்பது, இருநூற்று மூன்றை 2003 என்று எழுதுவது. விளையாட்டின் முதல் ஆவணமாக அந்தப் பட்டியலை அவரிடம் உட்கார்ந்து எழுதி வாங்க வேண்டும், அதற்கு உரிய ஊதியத்தையும் கொடுத்து.